பழைய கும்பாவை மெஷின் பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள்

தீபாவளி நெருங்கினால் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். அப்பத்தா வீட்டுக் கும்பா (குழிவான பித்தளைக் கிண்ணம்), இணையத்தில் வாங்கிய பித்தளை வட்டில், பூப்போட்ட பீங்கான் கிண்ணம். “அக்கா, இதில் பாயசம் பரிமாறலாமா?” என்று கேட்பார்கள். பழைய பாத்திரம் பந்திக்கு வர வேண்டும் என்று நினைப்பவள் நான், அதனால் இந்தக் கேள்விகள் பிடிக்கும். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்வதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. கீழே போட்டால் உடையும், தங்கக்கரை போட்டதை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெஷின் பாலிஷ்

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் ஒரு தங்கையின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நல்ல கனமான கும்பா ஒன்று இருந்தது. சீர்வரிசையில் வந்தது. கறுத்துப்போய்த்தான் இருந்தது, ஆனால் விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன: தலைப்பெழுத்துகள், ஒரு பெண் பெயர், தேவகோட்டை. அடுத்த முறை போனபோது “அக்கா, எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க” என்று நீட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊர்ப்பெயரில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் மிச்சம்.

சுழலும் சக்கரம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, உலோகத்தையே சீவுகிறது. பெயர் வெட்டு மிக மேலோட்டமானது. சுத்தியல் பட்ட தடங்களும் அப்படித்தான். இரண்டு முறை கொடுத்தால் எதுவும் இருக்காது. அது யாருடையது, எந்த ஊரிலிருந்து கப்பலேறியது என்பதற்கு வீட்டில் வேறு சான்று கிடையாது. திரும்ப வெட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாராம். அது இன்றைய கை வெட்டிய எழுத்து, அதை வைத்து என்ன செய்ய? “பளபளன்னு இருந்தால்தானே லட்சுமி” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பளபளப்பைக் கையாலேயே கொண்டுவரலாம்.

புளியும் உப்பும் சேர்த்து வெளிப்பக்கம் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். உடனே கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். புளியை ஊறவிட்டால் பித்தளை திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும். இந்த ஊர் ஈரக்காற்றில் சீக்கிரமே மங்கும், மங்கட்டும். தொடங்குமுன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து எழுத்தைப் படம் எடுத்து வையுங்கள். கொஞ்சம் அரிசி மாவைத் தடவித் துடைத்தால், தேய்ந்த பெயரும் சில நேரம் படிக்கக் கிடைக்கும்.

அப்புறம், மெஷினில் கொடுத்தால் பளபளப்பு நிற்க வார்னிஷ் அடித்துத் தருவதும் உண்டு. அடித்திருந்தால் அதில் சாப்பாடு வைக்காதீர்கள்.

ஈயம் போன பித்தளை

உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஈயப்பூச்சு இருக்கிறது. மஞ்சள் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. அதில் ரசம், தயிர், எலுமிச்சை சாதம் வைத்தால் செம்பு கரைந்து உணவில் இறங்கும், குமட்டலும் வாந்தியும் வரும். இங்கே ஈயம் பூசும் ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், நாங்கள் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிறோம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகும் ஈயத்தைத் துணியால் தேய்த்துப் பூசுவார்கள். சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், காரீயம் கலந்தால் நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் பூசிய கும்பாவை வெறுமையாக அடுப்பில் வைக்காதீர்கள். உள்பக்கத்தைக் கம்பி நாரால் தேய்க்கவும் வேண்டாம்.

நியோன்யா பீங்கானில் குழம்பு

இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பெரானாக்கான் (இந்த வட்டாரத்தில் முன்பே குடியேறிய சீனர்களின் வழிவந்தோர்) வீடுகளில் புழங்கிய இந்தக் கிண்ணங்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனாவின் ஜிங்தஜென்னில் செய்யப்பட்டவை. மெருகுக்கு மேலே வண்ணம் தீட்டிக் குறைந்த சூட்டில் சுட்டிருப்பார்கள். அந்த வண்ணங்களில் காரீயம் உண்டு, புளிப்புப் பட்டால் வெளியே வரும், வண்ணமும் மங்கும். முறுக்கு, அதிரசம் என்றால் வாழையிலை விரித்து வைக்கலாம், அவ்வளவுதான். வாங்கும் ஆசை இருந்தால் முதலில் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரானாக்கான் அரும்பொருளகத்தில் நல்ல துண்டுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

உள்ளே பெயர்ந்த எனாமல்

பரிமாறாதீர்கள்.

சுங்கை ரோடு விலையை எதிர்பார்ப்பது

பழைய பொருள்களை மலிவாக விற்ற அந்தத் தெருச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடியாகிவிட்டது.

கவிழ்த்துப் பார்க்காமல் வாங்குவது

புதுப் பித்தளையை அமிலத்தில் முக்கிப் பழசு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தது எங்கும் ஒரே கறுப்பாக இருக்கும். உண்மையில் புழங்கிய கும்பாவில் அடிவட்டம் தேய்ந்திருக்கும், கை பிடிக்கும் இடம் வழவழப்பாக இருக்கும், உள்ளே கரண்டி உரசிய கோடுகள் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கும். நூறு வெள்ளிக்கு மேல் சொல்கிறவர் கவிழ்த்துப் பார்க்க விடவில்லை என்றால் வாங்க வேண்டாம்.