மலைநாட்டில் இழையநிகர் எண்ணி: வாயு நிரப்புவது முதல் நிறமாலை வரை

உயிர்க்கலத்தின் கருவளவு இடத்தில் ஒரு துணிக்கை எவ்வளவு சக்தியை விட்டுச் செல்கிறது என்று அளக்க, அந்த அளவுக்குச் சிறிய கருவி தேவையில்லை. 12.7 மி.மீ. விட்டமுள்ள உட்குழி கொண்ட, ஏ-150 என்ற, உடல் இழையத்தை ஒத்த பிளாஸ்டிக் கோளத்தில் வாயுவை ஐதாக நிரப்பினால் போதும். இதுதான் இழையநிகர் எண்ணி. அதைக் கடக்கும் துணிக்கை இழப்பது 2 மைக்ரோமீற்றர் இழையத்தில் இழக்கும் அதே சக்தியைத்தான். 1950களில் ஹரால்ட் ரொசி வகுத்த வழி இது. எல்லாம் வாயுவின் அடர்த்தியில் தங்கியிருக்கிறது. இலங்கை மலைநாட்டில் பிழை முதலில் நுழைவதும் அதற்குள்தான்.

புரொப்பேன் சார்ந்த கலவை எனில், பகுதியமுக்கப்படி 55% புரொப்பேன், 39.6% காபனீரொட்சைட்டு, 5.4% நைதரசன். கடைச் சமையல் வாயுவைத் தொடவே வேண்டாம். அதில் பியூட்டேனும் மணமூட்டும் கந்தகச் சேர்வையும் உண்டு. மேற்சொன்ன குழியில் 2 மைக்ரோமீற்றருக்கு 20 பாகை செல்சியசில் 8.9 கிலோபஸ்கால் நிரப்ப வேண்டும். 1 மைக்ரோமீற்றருக்கு அதில் பாதி.

இந்த 8.9 வெற்றிடத்திலிருந்து எண்ணிய தனி அமுக்கம். சாதாரண முள் மானியோ வெளிக்காற்றின் அமுக்கத்தைப் பூச்சியமாக வைத்துக்கொள்கிறது. கொழும்பில் அந்த மானி −92.4 காட்டும்போது உள்ளே 8.9 இருக்கும். அதே எண்ணைப் பேராதனைக்குக் கொண்டுவந்தால், அங்கே காற்றமுக்கம் 96 அளவில் என்பதால், உள்ளே மிஞ்சுவது 3.6 மட்டும். நீங்கள் அளப்பது 2 அல்ல, 0.8 மைக்ரோமீற்றர். நுவரெலியாவில் காற்றமுக்கம் 81 அளவில்தான், முள் −92.4ஐ எட்டவே முடியாது, பழி பம்பியின் தலையில் விழும். ஆகவே 0 முதல் 13 கிலோபஸ்கால் வரை காட்டும், தனி அமுக்கம் அளக்கும் கொள்ளளவ மானியையே வாங்குங்கள். செலவைக் குறைக்கக்கூடாத ஒரே இடம் இது.

வெப்பநிலைக்கும் திருத்தம் வேண்டும்: 8.9ஐ (273 + அறை வெப்பநிலை) ஆல் பெருக்கி 293ஆல் வகுங்கள். 14 பாகை அறையில் 8.7 வரும். வால்வை மூடியபின் இரவுக் குளிரில் மானி இறங்கினால் வாயுவைக் கூட்டாதீர்கள். அடர்த்தி மாறவில்லை, அமுக்கம் மட்டுமே குறைந்திருக்கிறது.

நிரப்புமுன் பல நாள் பம்பியை ஓடவிடுங்கள். ஏ-150 ஈரத்தையும் வாயுக்களையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும்; பனிமூட்ட மாதங்களில் இன்னும் மோசம். பிறகு கலவையை நிரப்பி வெளியேற்றுவதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். உள்ளே ஒட்சிசன் கசிந்தால் அது இலத்திரன்களைப் பிடித்துக்கொள்ளும். நிறமாலையின் உச்சம் நாளுக்கு நாள் இடப்பக்கம் நகரும்.

உயர் மின்னழுத்தத்தை 50 வோல்ட் படிகளில் ஏற்றி, ஒரு மணி நேரம் நிலைக்க விடுங்கள். ஒவ்வொரு துணிக்கையும் ஒரு மின்துடிப்பைத் தரும்; துடிப்பின் உயரம் அது விட்ட சக்தியைக் காட்டும், எந்த உயரத்தில் எத்தனை துடிப்பு என்பதே நிறமாலை. துடிப்புகளின் வீச்சு நான்கு ஐந்து தசமடங்குகளுக்கு (ஒரு தசமடங்கு பத்து மடங்கு) விரிவதால் ஒரு பெருக்கி போதாது. பெருக்கம் பத்து மடங்கு வேறுபடும் இரண்டு மூன்று பெருக்கிகளை இணையாக வைத்து, துடிப்பாக்கியால் அவற்றின் நேர்கோட்டுத் தன்மையைச் சரிபார்த்து, பின்னர் நிறமாலைகளை ஒட்ட வேண்டும்.

அளவுகோடிடக் கோளச் சுவரில் பதித்த கியூரியம்-244 என்ற அல்பாக் கதிர் மூலம் உதவும். இத்தகைய மூலத்துக்கு இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் உரிமம் தேவை. அதன் அல்பா ஒரு மைக்ரோமீற்றருக்கு 80க்குச் சற்று மேலான கிலோ இலத்திரன்வோல்ட்டை விடும். 2 மைக்ரோமீற்றர் விட்டம் நெடுகச் சென்றால் ஏறக்குறைய 165 கிலோ இலத்திரன்வோல்ட். இங்கே பலர் வழுக்குவார்கள். கோட்டுச் சக்தி, அதாவது ஒரு மைக்ரோமீற்றருக்கு விடப்படும் சக்தி, பெற விடப்பட்ட சக்தியை வகுக்க வேண்டியது விட்டத்தால் அல்ல, சராசரி நாணால், அதாவது கோளத்தைக் கடக்கும் பாதைகளின் சராசரி நீளத்தால். கோளத்தில் அது விட்டத்தின் மூன்றில் இரண்டு, அதாவது 1.33 மைக்ரோமீற்றர். எனவே உச்சத்தை மைக்ரோமீற்றருக்கு 124 கிலோ இலத்திரன்வோல்ட் அளவில் குறியுங்கள், 82இல் அல்ல. இனி வரும் கோட்டுச் சக்திகளும் இதே அலகில்.

இரைச்சல்தான் அடுத்த தலைவலி. ஈரமான உயர்மின்னழுத்த இணைப்பிகள் பொறி கக்கும். அவற்றை அற்ககோலால் துடைத்து, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். லொறியோ மின்பிறப்பாக்கியோ அதிர்ந்தால் நேர்மின்வாய்க் கம்பியும் அதிர்ந்து போலித் துடிப்பு தரும். தடித்த நுரை மெத்தை போதும். பாறை நிலத்தில் ஒற்றைக் கோல் எர்த் பெரும்பாலும் உதவாது. பல கோல்களை இணைத்து, தடையை அளந்து பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிக்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது.

இவையெல்லாம் செய்தபின் இரைச்சல் எல்லை கோட்டுச் சக்தியில் 0.3 அளவுக்கு இறங்கும். அதற்குக் கீழுள்ள பகுதியை நீட்டி ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகம் நிகழ்வெண் சராசரியை (ஒவ்வொரு நிகழ்வையும் சமமாக எண்ணும் சராசரியை) பெரிதும் அசைக்கும். டோஸ் சராசரியை (ஒவ்வொரு நிகழ்வையும் அது விட்ட சக்திக்கேற்ப எடையிடும் சராசரியை) அவ்வளவாக அசைக்காது. அறிக்கையில் எல்லையை எழுதாமல் முதற்சொன்ன சராசரியை மட்டும் தருவது பயனற்றது.

நிறமாலையைத் தசமடங்குக்கு 50 பெட்டிகளாக மடக்கை அச்சில் வரையுங்கள். கோபால்ட்-60 காமாவில் கோட்டுச் சக்தி 15க்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, மூலத்தைத் தள்ளி வையுங்கள். அளவீட்டின் முன்னும் பின்னும் அல்பா உச்சத்தை எடுங்கள். இரண்டும் 2 சதவீதத்துக்கு மேல் விலகினால், அந்தத் தரவை விட்டுவிட்டு வால்வின் ஓ-வளையத்திலிருந்து கசிவைத் தேடத் தொடங்குங்கள்.