சுமேரிய நகர மேட்டை வாசிக்கும் முறை

சுமேரிய நகரங்களைக் கற்கத் தொடங்கும் மாணவர், இடிபாடு என்றால் கல் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினால் சுண்ணாம்புக்கல் வரும். பண்டைய சுமேரியர் வாழ்ந்த தென் ஈராக்கின் வண்டல் நிலத்தில் கட்டடக் கல் அரிது என்பதால், அங்கே நகரங்கள் வெயிலில் உலர்த்திய மண் செங்கல்லால் எழுந்தன. கிடுகுக் கூரை போன மண்சுவர் சில மாரிகளில் கரைந்து மேடாவதை நம் வளவுகளில் கண்டவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. இடிந்ததை மட்டப்படுத்தி அதன் மேலேயே அடுத்த தலைமுறை கட்டியது, நிலம் உயர்ந்தது. அரபியில் அந்த மேட்டின் பெயர் தெல்.

செய்மதிப் படத்தில் ஈராக்கின் நசிரியாவுக்கு அருகே ‘ஊர்’ என்னும் சுமேரிய நகரத்தைத் தேடுங்கள். அப்பெயர் நம் சொல்லைப் போல ஒலிப்பதைக் கொண்டு உறவு கட்ட வேண்டாம். சுமேரியர் அதனை உரிம் என்றே அழைத்தனர். கண்ணில் முதலில் படுவது, மன்னன் ஊர்-நம்மு தொடங்கி மகன் சுல்கி முடித்த, கி.மு. 21ஆம் நூற்றாண்டின் சிகுராத் எனும் அடுக்குக் கோயில் மேடை. எனினும் இன்று கூர்மையாகத் தெரியும் கீழ்ச்சுவரும் படிகளும் 1980களில் புதுப்பிக்கப்பட்டவை; அவற்றைப் பிரித்தே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யூப்ரடீசைத் தேடினால், ஒருகாலத்தில் நகரை ஒட்டி ஓடிய ஆறு இன்று பல கிலோமீற்றர் விலகியிருப்பது தெரியும்.

மேட்டின் உள்ளே செல்வதற்கு எரிது என்ற சுமேரிய நகரமே சிறந்த பாடம். 1946 முதல் 1949 வரை நடந்த அகழ்வில் அங்கே 18 அடுக்குகள் வெளிப்பட்டன. அவற்றின் வரைபடங்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: ஒரு சிற்றறையாகத் தொடங்கிய வழிபாட்டிடம், அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கட்டப்பட்டு, பெருங்கோயிலாக வளர்கிறது. படையலிட்ட மீன்களின் முட்களும் அங்கே குவியலாகக் கிடைத்தன. கடலோரத்தில் வாழும் எனக்கு எந்தப் பொன்னணியையும் விட அம்முட்களே அந்த மக்களை நெருக்கமாக்கின.

உம்மா போன்ற சுமேரிய நகர மேடுகளில் அம்மைத் தழும்பாகத் தெரியும் குழிகளையும் கவனியுங்கள். 2003க்குப் பின் கொள்ளையர் தோண்டியவை அவற்றில் ஏராளம். அங்கிருந்து விற்கப்பட்ட முத்திரை எந்த அடுக்கினது, எவரது வீட்டினது என்று இனி எவராலும் கூற முடியாது. யாழ்ப்பாணத்தில் கிடைத்த நம் ஆனைக்கோட்டை முத்திரையோ ஈமக்குழியில், எலும்புக்கூட்டோடு கிடைத்ததால்தான் பேசுகிறது. ஆகவே குறிப்பேட்டில் இடத்தையும் அடுக்கையும் முதலில் எழுதி, பொருளின் பெயரை அதன் பின் எழுதுங்கள்.