‘பாத்ரூம் வேலை’ என்ற ஒரே வரியைப் பிரித்த விதம்

திட்டத்தில் "பாத்ரூம் புதுப்பித்தல், 15 நாள்" என்று ஒரே வரிதான் இருந்தது. எது முடிந்தது, எது பாக்கி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவருக்குள் பைப் ஜாயின்ட்டில் கசிவு தெரிந்தது. ஒட்டியதை உடைக்க வேண்டியதாயிற்று.

சரிசெய்தது இப்படி: ஒவ்வொரு வேலையும் ஒரே ஆள் பொறுப்பில், இரண்டு நாளுக்குள், கண்ணால் பார்த்துச் சரி சொல்லும்படி முடிய வேண்டும். "பிளம்பிங்" என்று எழுதினால் போதாது. பைப்புக்காகச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டுதல், பைப் பதித்தல், முனைகளை அடைத்து பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) என்று மூன்று வரி. டெஸ்ட் முடியாமல் பூச்சு கிடையாது.

காத்திருப்புக்கும் தனி வரி வேண்டும். பலர் விடுவது இதைத்தான். வாட்டர்ப்ரூஃபிங் காய்ந்ததும், கசிகிறதா என்று பார்க்க, நானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாயை) அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வைக்க வேண்டும். ஆள் வேலை அரை மணி, காலண்டரில் இரண்டு நாள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். கீழ்த்தளத்து சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

டைல்ஸ் வாங்குவதும் ஒரு வேலைதான்: 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில், ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே வந்திறங்க வேண்டும். பிறகு வாங்கும் பேட்ச்சில் நிறம் லேசாக மாறிவிடலாம்.