ராஜபாளையம் குட்டி வாங்குமுன் காதைப் பாருங்கள்

"அண்ணே, மூக்கு ரோஸா இருக்கணும். உடம்புல ஒரு பொட்டு கறுப்பு இருக்கக் கூடாது. அப்படி ஒரு குட்டி பாத்துச் சொல்லுங்க." நான் ராஜபாளையத்துக்காரன், தோப்பில் நாய் வளர்க்கிறேன் என்று தெரிந்தவர்களிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். 2005இல் தபால்தலையில் வந்த நாய், 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேர் சொன்ன நாய் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். குட்டிக்குக் காது கேட்குமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

முதலில் கேட்க வேண்டியதே அதுதான். முடிக்கும் தோலுக்கும் நிறம் தருகிற அணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் செல்கள் செத்துப்போகும். வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்க்கும் இதே தொல்லை உண்டு. முழு வெள்ளை, ரோஸ் மூக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்ததில், அழகோடு சேர்ந்து செவிடும் இந்த இனத்தில் தங்கிவிட்டது. வெள்ளை எல்லாமே செவிடு என்று சொல்லவில்லை. ஆனால் சோதிக்காமல் வெள்ளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது சரியில்லை.

காது கேட்காத நாய் தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டுப் பிள்ளை ஓடிவந்து முதுகில் கை வைக்கும். காலடிச் சத்தம் அதற்குக் கேட்டிருக்காது. திடுக்கிட்டு எழுந்து கவ்விவிடும். "ராஜபாளையம்னாலே வெறிபிடிச்ச ஜாதி" என்று அந்தத் தெருவே பேசும்.

சோதனையை நீங்களே செய்யலாம். ஆறு வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகளாக இருக்கட்டும். கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். போன மாதம் ஒரு நண்பருக்காகத் தளவாய்புரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் தாயும் குட்டிகளும். வளர்ப்பவர் கையைத் தட்டினார், எல்லாம் ஓடிவந்தன. "பாத்தீங்களா, எல்லாத்துக்கும் காது கேக்குது" என்றார். ஒவ்வொன்றாகத் தனியே கொண்டுவரச் சொன்னேன். சாக்கு விரித்து, அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்த குட்டிக்குப் பின்பக்கம், அதன் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டு, எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டினேன். மற்றக் குட்டிகள் எல்லாம் சட்டென்று நிமிர்ந்து திரும்பியிருந்தன. இது சாக்கிலிருந்து வாயை எடுக்கவே இல்லை. கொட்டகைக்குள் அது ஓடிவந்தது மற்றவை ஓடியதைப் பார்த்துத்தான். அந்த ஈட்டிலேயே வெள்ளை வெளேரென்று, நண்பர் முதலில் கைகாட்டிய குட்டியும் அதுதான்.

தட்டும்போது உங்கள் நிழல் குட்டியின் மேல் விழக் கூடாது, காற்றுப் படக் கூடாது, தரையில் காலை உதைக்கக் கூடாது. அதிர்வைச் செவிட்டுக் குட்டியும் உணரும். திரும்பினாலும் சத்தம் வந்த திசை தெரியாமல் வேறு பக்கம் தேடினால் ஒரு காது மட்டும் போயிருக்கலாம். அப்படிப்பட்டதை வளர்ப்பதில் சிரமம் இல்லை, ஆனால் குட்டி போட விடக் கூடாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மூளைக்குப் போகும் மின்னலைகளை அளக்கிற கருவிச் சோதனைதான் வழி. அது எங்கே செய்கிறார்கள் என்று கால்நடை மருத்துவரிடம் விசாரியுங்கள்.

என்னிடம் கேட்டால் காதிலோ முதுகிலோ பழுப்புத் திட்டு உள்ள குட்டியைப் பார்க்கச் சொல்வேன். நிறம் கலந்து பிறப்பதைக் கலப்பு என்று சொல்லி ஒதுக்குகிறார்கள், பிறந்த அன்றே கொன்றுவிடுகிறவர்களும் உண்டு. இந்த இனத்துக்கு நம்மவர்கள் செய்த பெரிய கேடு இது. "நிறக்குட்டி இருந்தா அதையும் காட்டுங்க" என்று வாங்குகிறவர் நாலு பேர் கேட்டால் அந்தப் பழக்கம் தானாகக் குறையும்.

குட்டியைப் பார்க்கிற அளவுக்குத் தாயையும் பாருங்கள். "தாய் தோட்டத்துல இருக்கு, அப்புறம் காட்டுறேன்" என்றால் கிளம்பிவிடுங்கள். அது தரகர் வீடு. தாய் அந்நியரைக் கண்டு குரைக்கலாம், உறுமலாம். எஜமான் சொன்னதும் அடங்குகிறதா என்பதுதான் விஷயம். வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்கிக் குரைக்கிற தாயின் குட்டி எனக்கு வேண்டாம். பயத்தில் கடிக்கிற நாய்தான் ஆபத்து. தாயின் தோலில் சொறி, முடி உதிர்ந்த வட்டங்கள் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். "அதெல்லாம் நம்ம ஊர்ல யாரு பாக்குறா" என்கிற பதிலே உங்களுக்குப் போதுமான பதில். தாயும் தகப்பனும் ஒரே வயிற்றில் பிறந்தவையா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சேர்ப்பது இங்கே சாதாரணம். பஸ்ஸில் கூடை வைத்து அனுப்புகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இந்த நாயை விட்டுவிடுங்கள். வளர்ந்த கடுவன் தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ. வரை போகும். காடுகரையில் பன்றி துரத்துவதற்கென்று வளர்ந்த உடம்பு அது. வேலி போட்ட இடம், காலையும் மாலையும் மூச்சிரைக்க ஓட்டம், எப்போதும் கூட இருக்கிற ஒரு ஆள், மூன்றும் வேண்டும். ராஜபாளையம் வீட்டில் ஒருவரைத்தான் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். அவர் வெளிநாடு போகப் போகிறார் என்றால் இப்போது வேண்டாம். பன்றி பிடிக்க நாய் கேட்டு வருகிறவர்களுக்கு நான் விலாசம்கூடச் சொல்வதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே மலைக்காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். நாயோடு உள்ளே போனால் வழக்குதான்.

குட்டி வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது சங்கிலி வாங்குவது. நாள் பூராவும் கட்டிப்போட்ட நாய்க்கு, நெருங்குகிற எவரும் எதிரிதான். நான்காவது மாதம் முடிவதற்குள் அது பார்க்க வேண்டியவை நிறைய: தலைப்பாகை கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், தபால்காரர், சைக்கிள், குழந்தைகள், ஆட்டுக்கூட்டம். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டலாம். வருகிறவர்கள் குனிந்து தடவ வேண்டாம். அது தானாக வந்து மோந்து பார்க்கட்டும். இந்த இனத்துக்குக் கண்டவரெல்லாம் தொடுவது பிடிக்காது, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடித்துப் பழக்கினால் வேலைக்கு ஆகாது, முகம் கொடுக்காமல் போய்விடும்.

முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். வெள்ளைத் தோல் வெயிலில் கன்றிப்போகும், உச்சி நேரத்தில் நிழலில் வையுங்கள். உண்ணி இருக்கிறதா என்று விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் தினம் பாருங்கள். இணைசேர்க்கிற எண்ணம் இல்லையென்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

கேட்டைத் திறந்து போட்டு நாய் தெருவில் யாரையாவது கடித்தால் "அது சும்மாதான் இருந்துச்சு" என்று சொல்லித் தப்ப முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்டுக்குத் தானாக மூடிக்கொள்ளும் கொக்கி போடுங்கள். மாநகராட்சியோ நகராட்சியோ கேட்கிற உரிமத்தையும் எடுத்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: குட்டி பிறந்த தேதி, தாய் தகப்பன் விவரம், போட்ட ஊசி, காது சோதித்துப் பார்த்த தேதி, எந்தக் காரணத்தாலாவது வளர்க்க முடியாமல் போனால் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற ஒரு வரி. நல்ல வளர்ப்பாளர் அந்தக் கடைசி வரியை நீங்கள் கேட்குமுன் அவரே சொல்வார். கையெழுத்துப் போடத் தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். எங்கள் ஊரில் நாய் வளர்க்கிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை.