பி.எஸ்.ஏ. வரலாறு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சிகளுக்கு விளக்கப் பலகை எழுதித் தருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்களின் பிரதியைத் திருத்துவதும் என் தலையில்தான். எழுத்துப்பிழையை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம், அதை விடுங்கள். துப்பாக்கி செய்யத் தொடங்கி, பிறகு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்த இங்கிலாந்துக் கம்பெனி பி.எஸ்.ஏ. அதைப் பற்றி எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் தவறுகள் இவை.

எதிராளியைத் தாயாக்குவது

"என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலையில் பிறந்ததே பி.எஸ்.ஏ." இந்த வரியை எத்தனை முறை அடித்தாலும் அடுத்த பிரதியில் மறுபடி முளைக்கிறது. நடந்தது நேர்மாறு. பர்மிங்ஹாமில் துப்பாக்கி என்பது சின்னப் பட்டறைகளின் கைவேலை. குழல் ஒருவர், கட்டை ஒருவர் என்று பிரித்துச் செய்வார்கள். 1850களில் பிரிட்டிஷ் அரசு என்ஃபீல்டில் இருந்த தன் ஆலைக்கு அமெரிக்க எந்திரங்களைக் கொண்டுவந்தது. அவற்றில் செய்தால் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்தும். இனி பிழைப்பு போய்விடும் என்று பர்மிங்ஹாம்காரர்களுக்கு உறைத்தது. 1861இல் அவர்களில் சிலர் கூட்டுச் சேர்ந்து, தாங்களும் எந்திரம் வைத்துச் செய்வதற்காகத் தொடங்கியதுதான் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், சுருக்கமாக பி.எஸ்.ஏ. ஸ்மால் ஹீத் பகுதியில் 25 ஏக்கர் வாங்கி ஆலை கட்டினார்கள்.

குழப்புவது ராயல் என்ஃபீல்டு. அதுவும் அரசு ஆலை இல்லை, ரெடிச் ஊரின் சைக்கிள் கம்பெனி. அரசு ஆலைக்குப் பாகங்கள் செய்யும் ஆர்டர் கிடைத்த பெருமையில், 1893இல் என்ஃபீல்டு பெயரைச் சூட்டிக்கொண்டது. பீரங்கிச் சின்னம் வந்ததும் அந்த உறவைக் காட்டத்தான். அதன் முதலாளிகளில் ஒருவரான ஆல்பர்ட் ஈடியின் இன்னொரு கம்பெனியை 1907இல் பி.எஸ்.ஏ. வாங்க, முடிச்சு இன்னும் இறுகிவிட்டது.

ஒரு கண்காட்சியில் ராயல் என்ஃபீல்டு புல்லட்டையும் பி.எஸ்.ஏ.வையும் பக்கத்தில் நிறுத்தி, "ஒரு தாய்ப் பிள்ளைகள்" என்று பலகை வைத்துவிட்டார்கள். திறப்பு நாளன்றே ஒரு பெரியவர் நின்று படித்துவிட்டுச் சிரித்தார். மொத்தத்தையும் மறுபடி அச்சடித்தோம். செலவை எழுதிய பையனின் கூலியில் பிடித்தார்கள். அவனுக்கு அந்தத் தகவலைத் தந்தது வண்டி விற்ற தரகர். தரகர் சொல்வது விலையை ஏற்றுவதற்கு என்று தெரியாதா?

சின்னத்தில் துப்பாக்கியைக் குறுக்கே போடுவது

சின்னத்தில் இருப்பது குறுக்கே போட்ட இரண்டு துப்பாக்கிகள் அல்ல, மூன்று. சிப்பாய்கள் ஓய்வெடுக்கும்போது முனைகளைச் சேர்த்துக் கூம்பாகச் சாய்த்து நிறுத்துவார்களே, அதுதான் பி.எஸ்.ஏ. சின்னம். சண்டைக்கோலம் அல்ல.

சைக்கிளை மறப்பது

ஆயுத ஆர்டரை மட்டும் நம்பியிருக்க முடியாமல் 1880இல் சைக்கிளுக்கு வந்தார்கள். மோட்டார் சைக்கிள் 1910இல்தான்.

அம்பத்தூர்

சென்னை அம்பத்தூரில் பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். டி.ஐ. என்ற சைக்கிள் கம்பெனி அங்கே பி.எஸ்.ஏ. பெயரில் செய்தது சைக்கிள். துப்பாக்கி இல்லை.