ரெக்கவரி பென்டிரைவைச் செருகும் முன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். வீட்டு மூலையில் கிடந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஆட்கள் வருவதும் அப்போதுதான் அதிகம். "தம்பி, வாங்குனப்ப இருந்த மாதிரியே ஓஎஸ் போட்டுத் தாப்பா" என்பார்கள். ஓஎஸ் என்றால் விண்டோஸ் போல லேப்டாப்பை இயக்கும் அடிப்படை மென்பொருள்.

போன தடைக்காலத்தில் பாம்பன் அண்ணன் ஒருவர் வந்தார். வரும் முன்பே, ரெக்கவரி பென்டிரைவை, அதாவது ஓஎஸ்ஸைத் திரும்பப் போடும் பென்டிரைவை வைத்து வீட்டிலேயே வேலையை முடித்துவிட்டார். லேப்டாப் புதுசு போல ஓடுகிறது. "ரெக்கவரிதானே போட்டேன், பழைய கணக்கு எங்க தம்பி?" என்று கேட்டார். டீசல், ஐஸ், பங்குப் பணம் என்று நாலு வருஷக் கணக்கு அதில் இருந்திருக்கிறது. டி டிரைவில், அதாவது விண்டோஸ் இல்லாத டிஸ்கின் இன்னொரு பகுதியில் வைத்திருந்தாராம். அதற்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. ரெக்கவரி என்பது லேப்டாப்பைத்தான் வாங்கிய நாளுக்குக் கொண்டுபோகும். நம் கோப்புகளை மீட்டுத் தராது. 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்ற வசதி விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரீசெட்டில் (விண்டோஸ் தன்னையே புதிதாகப் போட்டுக்கொள்ளும் வசதி) உண்டு. பென்டிரைவிலிருந்து மீட்கும்போது அதை நம்பக் கூடாது. சில கம்பெனி ரெக்கவரிகள் முழு டிஸ்கையும் பழைய அமைப்புக்கே மாற்றிவிடும், டி டிரைவும் சேர்ந்து போய்விடும். அப்படி அழிந்துவிட்டால் அந்த நிமிஷமே லேப்டாப்பை நிறுத்துங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கொஞ்சம் தேறலாம். எஸ்எஸ்டி (புது லேப்டாப்களில் வரும், சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) என்றால் அநேகமாகக் கிடைக்காது. அண்ணனுடையது எஸ்எஸ்டி.

விண்டோஸ் எழும்பவில்லை என்பதற்காகக் காப்பி எடுப்பதை விட்டுவிடாதீர்கள். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (டிஸ்கில் போடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் வேறொரு ஓஎஸ்) பூட் செய்தால், அதாவது லேப்டாப்பைக் கிளப்பினால், கோப்புகளை வெளி டிஸ்குக்கு மாற்றலாம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் மறக்க வேண்டாம்; முக்கால்வாசிப் பேர் அங்கேதான் வைத்திருப்பார்கள். எடுத்த காப்பியில் நாலு கோப்பை வேறு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும்: டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் கோப்புகளை எடுக்க முடியாது. அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டுக் கொடுத்திருப்பான், அது யாருக்கும் நினைவிருக்காது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்தக் கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

தமிழ் எழுத்துருக்களையும் யாரும் நினைப்பதில்லை. பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த சங்கத் தீர்மானங்கள், விண்ணப்பங்கள் பத்திரமாகக் காப்பியில் இருக்கும். ஓஎஸ் போட்ட பிறகு திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போனது என்று அழித்தே விட்டார் ஒரு அக்கா. ஒன்றும் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கீழக்கரையில் துபாயிலிருந்து வந்த லேப்டாப் நிறைய. இங்கே யாரோ கொடுத்த பென்டிரைவை அதில் போட்டுவிட்டு, 'ஆக்டிவேட் ஆகவில்லை' என்று வருவார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு வரும் லேப்டாப்பில் விண்டோஸ் உரிமக் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். எந்த ஊரில் வாங்கினாலும் அது செல்லும், ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பு வந்த லேப்டாப்புக்கு ஹோம்தான் போட வேண்டும், ப்ரோ போட்டால் ஏற்காது. கீழே ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையோ ப்ராடக்ட் நம்பரையோ கொண்டு, டெல், ஹெச்பி, லெனோவோ தளங்களிலேயே பல மாடல்களுக்கு உரிய ரெக்கவரியை இறக்கலாம். கிராக் கீ தேடி அலைய வேண்டியதே இல்லை.

எதிலிருந்து கிளப்புவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு, லேப்டாப்பை ஆன் செய்ததும் டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. இன்ஸ்டால் செய்யும் இடத்தில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் என்றால் ஸ்டோரேஜ் டிரைவர் (டிஸ்கை விண்டோஸுக்குக் காட்டும் சின்ன மென்பொருள்) கேட்கிறதா என்று பாருங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும். காற்று மழை நாளில், கரண்ட் போய்ப்போய் வரும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கடைசியாக நம் உப்புக்காற்று. ஓஎஸ் பாதியில் நின்றால் பென்டிரைவைக் குறை சொல்லும் முன் டார்ச் அடித்து யுஎஸ்பி துளைக்குள் பாருங்கள். பச்சை படிந்திருக்கும். வேறு துளையில் மாற்றிச் செருகினாலே பல சமயம் ஓடிவிடும். ரெக்கவரி பென்டிரைவையும் மேசை டிராயரில் திறந்தபடி போட வேண்டாம். மாடல் பெயரும் தேதியும் எழுதி, இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, தடைக்காலம் தொடங்கும்போது, எடுத்து பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.