எலும்புகளைப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

முதலாண்டு மருத்துவ மாணவரின் கையில் ஒரு தொடை எலும்பைக் கொடுத்தால் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவார். வலதா, இடதா என்று கேட்கும்போதுதான் திணறல் தொடங்கும். எலும்பைத் தொட்டுப் படிக்காமல் படத்தைப் பார்த்துப் படித்ததன் விளைவு இது. படத்துக்குப் பின்பக்கம் கிடையாது.

பக்கத்தைக் கண்டுபிடிக்க மேல் எது, உள் எது, முன் எது என்ற மூன்றும் தெரிய வேண்டும். தொடை எலும்பின் உருண்டைத் தலை மேலே இருக்கும். உடலின் நடுவை நோக்கித் திரும்பியிருக்கும். தண்டில் நெடுக ஓடும் சொரசொரப்பான வரம்பு பின்புறம் இருக்கும். பலர் மறப்பது இந்த வரம்பைத்தான். மறந்தால் வலது இடதாகிவிடும். பக்கத்தைச் சரியாகச் சொன்னவர்களும் எலும்பைச் செங்குத்தாகப் பிடித்து மதிப்பெண்ணை இழப்பதுண்டு. கீழ்முனையின் இரண்டு குமிழ்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பிடியுங்கள்; தண்டு தானாகச் சாயும். நிற்கும்போது நம் தொடை எலும்புகளும் இடுப்பில் விலகி, முழங்காலில் நெருங்கித்தான் இருக்கின்றன.

முன்கையில் குழப்பம் இன்னும் அதிகம். சுவரில் தொங்கும் படத்தில் உள்ளங்கை முன்னோக்கி இருக்கும். முன்கையின் இரண்டு எலும்புகளில் ரேடியஸ் வெளியே, அல்னா உள்ளே. அதையே மனப்பாடம் செய்தவர், கையைக் கவிழ்த்தவுடன் தடுமாறுவார். அப்போது ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காகப் புரண்டுவிடுகிறது. கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா என்று நினைவில் வைத்தால் கை எப்படித் திரும்பினாலும் பிழை வராது. முழங்கையின் முனையிலிருந்து சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வரை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் தொடர்ச்சியாகத் தட்டுப்படுவது அல்னா.

கணுக்காலின் இருபுறமும் புடைத்திருப்பவை தனித்தனிக் கணுக்கால் எலும்புகள் என்று நினைப்பதும் தவறு. உட்புறம் இருப்பது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவின் கீழ்முனை, வெளிப்புறம் இருப்பது அதன் பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் கீழ்முனை. வெளிப்புறம் இருப்பது சற்றுத் தாழ்ந்திருக்கும். இதே ஃபிபுலாவுக்கு மேலே முழங்கால் மூட்டில் பங்கே இல்லை.

மனித உடலில் 206 எலும்புகள் என்ற எண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையும் கொஞ்சம் அதிகம்தான். அது பெரியவர்களுக்கான கணக்கு. தலை, முதுகெலும்பு, மார்புக்கூடு அடங்கிய அச்சுச் சட்டகத்தில் 80, கைகால்களும் அவற்றைத் தாங்கும் தோள், இடுப்பு எலும்புகளும் அடங்கிய இணையுறுப்புச் சட்டகத்தில் 126. அதிலும் தசைநாணுக்குள் உருவாகும் முழங்கால் சில்லைச் சேர்த்துக்கொள்கிறோம், கால் பெருவிரலின் அடியில் அதே வகையைச் சேர்ந்த இரண்டு சிறு எலும்புகளை விட்டுவிடுகிறோம். சிலருக்குக் கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பும் இருக்கும். பிறந்த குழந்தைக்கோ ஏறத்தாழ 300. இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் மூன்று துண்டுகளாக இருந்து, வளரிளம் பருவத்தில்தான் ஒன்றாகிறது. இது தெரியாமல் ஒரு சிறுவனின் எக்ஸ்ரேயைப் பார்த்தால், எலும்பு முனையருகே உள்ள குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டின் இடைவெளி முறிவாகத் தோன்றும்.

ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்ற பேச்சை இன்றும் கேட்க முடிகிறது. இருபாலருக்கும் 12 ஜோடிகள்தான்.

நூலை நம்பி எலும்பைப் பார்க்காத வழக்கம் பழையது. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் விலங்குகள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் பஞ்சத்தால் மாண்டவர்களின் எலும்புகளை ஆராய்ந்த பாக்தாத் அறிஞர் அப்துல் லத்தீஃப், அது ஒரே எலும்பு என்று கண்டார். ஐரோப்பாவில் உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட நூல்தான் கேலனின் பிழைகளை வரிசையாகத் திருத்தியது.

வீட்டிலும் ஒரு பிழை உண்டு. வயதானவர் வழுக்கி விழுந்தால் "இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது" என்கிறோம். பெரும்பாலும் முறிவது தொடை எலும்பின் மேல்முனை, குறிப்பாக அதன் உருண்டைத் தலைக்குக் கீழே குறுகியிருக்கும் கழுத்து. அந்த உருண்டைத் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. முறிந்த துண்டு விலகினால் அவையும் அறுபடும். தலைப்பகுதி ரத்தமின்றிச் செத்துப்போகலாம். முறிவை ஸ்க்ரூ போட்டு இணைப்பதற்குப் பதிலாக, முதியவர்களுக்கு மருத்துவர்கள் பல நேரங்களில் அந்தத் தலையையே எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை பொருத்தச் சொல்வது இதனால்தான்.